கல்கல் பிசுபிசுப்பு போன கதை

இந்தக் கிறிஸ்துமஸுக்கு வெளியில் பரிசு வாங்கவில்லை. வீட்டிலிருந்த மைதா, சர்க்கரை, பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்களே போதும், கல்கல் என்ற கிறிஸ்துமஸ் இனிப்புப் பலகாரம் செய்து கொடுக்கலாம் என்று முடிவு. ஃபோர்க்கின் முதுகில் உருட்டிப் பொரித்ததெல்லாம் மொறுமொறுவென்றுதான் வந்தது. பாகில் புரட்டியதும் வந்தது தொல்லை. மேலே பூத்து வெள்ளையாக வேண்டிய சர்க்கரை மறுநாளும் ஈரமாகவே கையில் ஒட்டியது.

மார்கழி ஈரக்காற்றுதான் காரணம், சென்னையில் இது சகஜம் என்றார்கள். ஃபேனுக்கடியில் பரப்பினேன், மொட்டைமாடி வெயிலில் வைத்தேன், பாகை இன்னும் முறுக்கினேன். பலனில்லை.

விஷயம் எலுமிச்சையில் இருந்தது. குலாப் ஜாமூனுக்கு விடுவது போலப் பாகில் நாலு சொட்டு விடுவது எங்கள் வீட்டு வழக்கம். அந்தப் புளிப்புதான் சர்க்கரையைத் திரும்பக் கட்டவிடாமல் தடுக்கிறது. ஜாமூனுக்கு அது நல்லது, கல்கலுக்கு ஆகவே ஆகாது.

அடுத்த ஈடுக்கு எலுமிச்சை இல்லாமல், ஒரு கப் சர்க்கரைக்குக் கால் கப் தண்ணீர் விட்டுக் கம்பிப்பதம் வந்ததும் அடுப்பை அணைத்தேன். நன்றாக ஆறிய கல்கலைக் கொட்டிக் கைவிடாமல் கிளறக் கிளற, கரண்டி ஓரத்தில் முதலில் வெள்ளை படிந்தது, பிறகு எல்லாவற்றிலும். அப்பாடா! முழுக்க ஆறவிட்டுத்தான் பாட்டிலில் அடைத்தேன். மூடிக்குப் பழைய சேலை பார்டரில் நாடா.