கேஜில் பூஜ்யம், லைனில் 60 பார்: கிளாம்பிங் அக்யூமுலேட்டரை மாற்றும் முறை

ஹைட்ராலிக் ஃபிக்சர் (வெட்டப்படும் பொருளை, அதாவது ஜாப்பை, ஆயில் அழுத்தத்தால் இறுக்கிப் பிடிக்கும் அமைப்பு) பொருத்திய சிஎன்சி இயந்திரங்களில், பவர் பேக்கின் (ஆயில் பம்பும் தொட்டியும் சேர்ந்த அலகு) மேலோ ஃபிக்சருக்குப் போகும் லைனிலோ தேங்காய் அளவில் ஒரு கறுப்பு உருண்டை திருகப்பட்டிருக்கும். அதுதான் டயாஃப்ரம் வகை அக்யூமுலேட்டர். உள்ளே ஒரு ரப்பர் சவ்வு குறுக்கே நிற்கிறது. மேல்பக்கம் நைட்ரஜன், கீழ்ப்பக்கம் ஆயில். ஆயிலை அழுத்திச் சுருக்க முடியாது, வாயுவை முடியும் என்பதால், பம்ப் ஓடும்போது இந்த வாயு சுருங்கி, பம்ப் நின்றதும் விரிந்து, வால்வுகளில் கசியும் சொட்டு ஆயிலை ஈடுகட்டி, ஜாப்பை விடாமல் பிடித்து வைக்கிறது.

இந்தப் பதிவில் நான் எடுத்துக்கொள்வது, 70 பாரில் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) பம்ப் நின்று 55 பாரில் மீண்டும் ஓடும் ஒரு பவர் பேக்கையும், அதில் உள்ள 0.75 லிட்டர் அக்யூமுலேட்டரையும். உங்கள் இயந்திரத்தின் எண்கள் வேறாக இருக்கலாம். கணக்கு முறை மாறாது.

பழுது அதில்தானா?

முதல் அறிகுறி காதுக்குத்தான் எட்டும். ஒரு ஜாப் ஓடி முடிவதற்குள் ஓரிரு முறை மட்டும் ஓடிய பம்ப், சில நொடிக்கு ஒருமுறை ஓடி ஓடி நிற்கும். கிளாம்ப் ஆகும் நேரத்தில் கேஜ் முள் துடிக்கும். அழுத்தம் குறைந்தால் எச்சரிக்கும் பிரஷர் ஸ்விட்ச் விட்டுவிட்டு அலாரம் கொடுக்கும். இந்த நிலையில் பலர் செய்யும் காரியம், அலாரம் வராதபடி பிரஷர் ஸ்விட்ச் செட்டிங்கைக் கீழே இறக்கி வைப்பது. அதைச் செய்தவர் அலாரத்தை மட்டுமே நிறுத்தியிருக்கிறார். ஜாப் குறைந்த பிடியில்தான் கட்டருக்கு முன்னால் நிற்கிறது.

அக்யூமுலேட்டரைக் கழற்றாமலே சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஜாப்பை இறக்கிவிட்டு, பம்பை நிறுத்தி, அக்யூமுலேட்டர் பக்கத்து ஆயிலைத் தொட்டிக்குத் திருப்பும் டிரெயின் வால்வை மிக மெதுவாகத் திறந்து, அந்தப் பக்கத்துக் கேஜைப் பாருங்கள். நல்ல அக்யூமுலேட்டர் என்றால் முள் 70, 65, 60 என்று நிதானமாக இறங்கி, ஓர் இடத்துக்கு வந்ததும் சட்டென்று பூஜ்யத்தில் விழும். விழத் தொடங்கிய அந்த எண்தான் உள்ளே இருக்கும் நைட்ரஜனின் அழுத்தம். வால்வைத் திறந்த உடனேயே 70-இலிருந்து நேராகப் பூஜ்யத்துக்கு விழுந்தால் நைட்ரஜன் இல்லை என்று பொருள். அதன் பிறகு, ஆயில் பக்கம் பூஜ்யம் என்பது உறுதியான நிலையில், மேலே உள்ள வாயு மூடியைக் கழற்றி, சார்ஜிங் கிட் (நைட்ரஜனை நிரப்பவும் வெளியேற்றவும் உதவும், கேஜ் உள்ள கருவி) பொருத்தி, அதன் வெளியேற்று வால்வை லேசாகத் திறந்து பாருங்கள். வாயுவுக்குப் பதில் ஆயில் வந்தால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது, மாற்றியே ஆகவேண்டும். வாயு மட்டும் குறைந்திருந்தால் நிரப்பிப் பார்க்கலாம்.

அழுத்தத்தை முழுமையாக இறக்குதல்

இந்த வேலையில் அடிபடுபவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் அடிபடுகிறார்கள். அதனால் இதைச் சற்று விரித்தே எழுதுகிறேன்.

முதலில் ஜாப்பை இறக்குங்கள். இயந்திரத்தின் மெயின் ஸ்விட்சை அணைத்து, பூட்டுப் போட்டு, சாவியை உங்கள் பையில் வைத்துக்கொள்ளுங்கள். சில செங்குத்து இயந்திரங்களில் ஸ்பிண்டில் தலையின் எடையைத் தாங்குவதற்கும் ஹைட்ராலிக் அழுத்தம் பயன்படுகிறது. அப்படிப்பட்ட இயந்திரம் என்றால், மின்சாரத்தை அணைப்பதற்கு முன்பே தலையைக் கீழே கொண்டுவந்து, டேபிளின் மேல் கனமான மரக்கட்டை வைத்து அதில் அமர்த்திவிடுங்கள். அந்தச் சுற்றுக்குத் தனி அக்யூமுலேட்டர் இருக்கக்கூடும். எதைக் கழற்றப் போகிறோம் என்பதை சர்க்யூட் படத்தில் பார்த்து உறுதி செய்யாமல் ஸ்பேனரை எடுக்கக் கூடாது.

அடுத்தது கேஜ். பம்பை அடுத்து ஒரு நான்-ரிட்டர்ன் வால்வ் இருக்கும். பம்ப் நின்றாலும் ஆயில் திரும்பி வராமல் தடுப்பதே அதன் வேலை. கேஜ் அந்த வால்வுக்கு முன்னால், பம்ப் பக்கம் பொருத்தப்பட்டிருந்தால், பம்ப் நின்றதும் அது பூஜ்யம் காட்டும். வால்வுக்கு அந்தப் பக்கம் அக்யூமுலேட்டர் 60 பாரைப் பிடித்துக்கொண்டிருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் அந்தப் பூஜ்யத்தை நம்பி நட்டை அரைச் சுற்றுத் திருப்பினேன். பனிப்புகை போல ஆயில் கிளம்பி, கண்ணாடி அணிந்திருந்ததால் கண் தப்பியது; சட்டை தப்பவில்லை. அன்று முதல், அக்யூமுலேட்டருக்கு மிக அருகில் உள்ள டெஸ்ட் பாயிண்டில் (கேஜ் மாட்டுவதற்கான முனை) தனியாக ஒரு கேஜை மாட்டிப் பார்க்காமல் நான் எதையும் தளர்த்துவதில்லை.

டிரெயின் வால்வ் இருந்தால் அதைத் திறந்து, திறந்தே வையுங்கள். இல்லையென்றால் மின்சாரத்தை அணைத்த நிலையில் சோலனாய்டு வால்வின் (மின்காந்தத்தால் ஆயிலின் வழியை மாற்றும் வால்வ்) கை-ஊசியை, அதாவது அதைக் கையால் இயக்கும் சிறு முனையை, அழுத்தி, கிளாம்ப், அன்கிளாம்ப் இரு பக்கமும் பலமுறை மாற்றி மாற்றி ஆயிலை இறக்குங்கள். விரல்களைக் கிளாம்புகளிடமிருந்து தள்ளி வைத்துச் செய்யவேண்டிய வேலை இது. டெஸ்ட் பாயிண்ட் கேஜ் பூஜ்யத்தில் நிலைத்து நின்ற பிறகே அடுத்த படி.

கசிவு எங்கே என்று கையால் தடவிப் பார்க்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். ஊசித்துளையிலிருந்து வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சிறு புள்ளியாகத் தெரியும், பெரிதாக வலிக்காது. ஆனால் உடனடியாக அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம் அது. அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள்.

கழற்றுதலும் பொருத்துதலும்

இது சிறிய வேலை. பழைய அக்யூமுலேட்டரில் மிச்சமிருக்கும் நைட்ரஜனை சார்ஜிங் கிட் வழியாக மெதுவாக வெளியேற்றுங்கள். அடியில் தட்டு வைத்து, அக்யூமுலேட்டரின் ஆறுமுகப் பகுதியில் ஒரு ஸ்பேனரும், எதிர்ப்பக்க ஃபிட்டிங்கில் மற்றொன்றும் போட்டுத் திருப்புங்கள். ஒரே ஸ்பேனரால் இழுத்தால் பைப் முறுக்கிக்கொள்ளும். திறந்த துவாரத்தை உடனே சுத்தமான பிளக்கால் மூடுங்கள். பஞ்சு வேஸ்ட்டைத் திணிக்காதீர்கள், அதன் நூல் நேராக சோலனாய்டு வால்வுக்குத்தான் போகும். இதே காரணத்துக்காக டெஃப்ளான் டேப்பும் இங்கே ஆகாது. சீல் செய்வது டவுட்டி வாஷர் (ரப்பர் விளிம்பு ஒட்டிய உலோக வாஷர்) அல்லது ஓ-ரிங் (ரப்பர் வளையம்). ஒவ்வொரு முறையும் புதியது போடவேண்டும்.

புதியதை வாங்கும்போது கொள்ளளவு, அதிகபட்ச அழுத்தம், திரெட் ஆகிய மூன்றையும் பழைய பெயர்ப்பலகையோடு ஒப்பிடுங்கள். அதன் உடலில் வெல்டிங் வைப்பதோ, துளை போடுவதோ, பிராக்கெட் ஒட்டுவதோ கூடவே கூடாது.

நைட்ரஜன் நிரப்புதல்

எவ்வளவு நிரப்புவது? பொதுவான விதி, குறைந்தபட்ச வேலை அழுத்தத்தின் 0.9 மடங்கு. நம் உதாரணத்தில் 55-ஐ 0.9 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 50 பார். இது ஆயில் சூடாக, சுமார் 50 டிகிரி செல்சியஸில் இருக்கும்போது இருக்கவேண்டிய அழுத்தம். நீங்கள் நிரப்புவதோ 30 டிகிரிப் பட்டறையில். வாயு குளிர்ந்தால் அழுத்தம் குறையும் என்பதால், 30, 50 டிகிரிகளைக் கெல்வினாக மாற்றி, 303-ஐ 323-ஆல் வகுத்து அந்த விகிதத்தில் குறைத்துக்கொண்டால் 47 பார் வரும். அதுவே நிரப்பவேண்டிய அளவு. இப்படி நிரப்பிய 0.75 லிட்டர் அக்யூமுலேட்டர் 70-க்கும் 55-க்கும் இடையில் கையிருப்பாகத் தருவது நூறு மில்லியைச் சற்றுத் தாண்டிய ஆயில், அதாவது ஒரு சின்ன டம்ளர் காபி. 60 பார் நிரப்பிவிட்டால் 60-க்குக் கீழே அது எதையுமே தராது. டயாஃப்ரம் ஒவ்வொரு சுழற்சியிலும் அடியில் போய் மோதிச் சீக்கிரம் கிழியும். அதிகம் நிரப்புவது பாதுகாப்பு என்ற எண்ணம் தவறு.

நைட்ரஜன் மட்டுமே. பட்டறையில் கேஸ் வெல்டிங்குக்காக நிற்கும் ஆக்சிஜன் சிலிண்டரைக் காட்டி, அதுவும் வாயுதானே என்று யாராவது கேட்பார்கள். அழுத்தத்தில் ஆயிலும் ஆக்சிஜனும் சந்தித்தால் வெடிக்கும். கம்ப்ரசர் காற்றிலும் ஆக்சிஜன் உண்டு. நம் நாட்டில் நைட்ரஜன் சிலிண்டர் சாம்பல் நிற உடலும் கறுப்புக் கழுத்தும் கொண்டது. ஆக்சிஜன், கறுப்பு உடலும் வெள்ளைக் கழுத்தும். நிறத்தோடு நிற்காமல் லேபிளையும் படியுங்கள்.

ஆயில் பக்கம் அழுத்தம் இல்லாத நிலையில், சார்ஜிங் கிட்டை வாயு முனையில் கையால் இறுக்கி, ஹோஸை ரெகுலேட்டர் வழியாகச் சிலிண்டரோடு இணையுங்கள். நிறைந்த சிலிண்டரில் சுமார் 150 பார் இருக்கும் என்பதால் ரெகுலேட்டர் இல்லாமல் தொடக் கூடாது. கிட்டின் கைப்பிடியைத் திருப்பி உள்ளே உள்ள ஆலன் ஸ்குரூவைத் தளர்த்தி, சிலிண்டர் வால்வை மயிரிழை திறங்கள். இவ்வளவு சிறிய அக்யூமுலேட்டரில் முள் நொடியில் பாயும். 50-ஐ ஒட்டி நிறுத்தி, கால் மணி நேரம் விட்டுவிடுங்கள். வாயுவின் வெப்பம் பட்டறை வெப்பத்துக்கு வந்ததும் மீண்டும் பார்த்து, அதிகமாக இருப்பதை வெளியேற்று வால்வில் விட்டு 47-இல் நிறுத்துங்கள். ஆலன் ஸ்குரூவை இறுக்கி, கிட்டைக் கழற்றி, முனையில் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வராததைப் பார்த்த பிறகு மூடியைப் போடுங்கள்.

ஓட்டிப் பார்த்தல்

டிரெயின் வால்வை மூடி, பிரஷரைக் குறைத்து வைத்து, ஜாப் இல்லாமல் பத்துப் பதினைந்து முறை கிளாம்ப் செய்து காற்றை வெளியேற்றுங்கள். தொட்டியில் ஆயில் மட்டத்தைப் பார்த்துச் சேர்த்துவிட்டு, 70 பாருக்கு உயர்த்துங்கள். பின்பு கிளாம்ப் நிலையில் பம்பை நிறுத்தி, டெஸ்ட் பாயிண்ட் கேஜில் பேனாவால் கோடு போட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். முள் வேகமாக இறங்கினால் கசிவு வேறெங்கோ, வால்விலோ சிலிண்டர் சீலிலோ இருக்கிறது. பிரஷர் ஸ்விட்சை யாராவது இறக்கி வைத்திருந்தால் இப்போதே பழைய எண்ணுக்குக் கொண்டுவந்து, பிரஷரை வேண்டுமென்றே குறைத்து, அலாரம் வந்து ஸ்பிண்டில் நிற்கிறதா என்பதையும் பாருங்கள்.

பழையதைப் பழைய இரும்புக்குப் போடும்போது வாயு மூடியையும் ஸ்குரூவையும் கழற்றியே அனுப்புங்கள். வாங்கிப் போகிறவர் அதைக் கேஸ் கட்டிங்கில் வெட்டுவார். புதியதன் கழுத்தில் தேதி, நிரப்பிய அழுத்தம், அன்றைய வெப்பநிலை மூன்றையும் எழுதிய டேக் ஒன்றைக் கட்டுங்கள். முதல் வாரத்தில் ஒருமுறை, நான்கு மாதம் கழித்து ஒருமுறை, பின்பு ஆண்டுக்கு ஒருமுறை டிரெயின் வால்வைத் திறந்து முள் விழும் எண்ணைப் பார்த்து, அதே டேக்கில் அடுத்த வரியாக எழுதிவாருங்கள்.