பூடான் செல்ல அனுமதி பெறுவது எப்படி? முதன்முறை செல்வோருக்கான விளக்கம்

பூடானுக்குப் புறப்படும் முன் நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது, எந்த நாட்டுக் குடிமகனாகப் பயணம் செய்கிறீர்கள் என்பதைத்தான். இந்தியக் குடிமக்களுக்கு விசா தேவையில்லை. நுழைவு அனுமதி போதும். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட் வைத்திருக்கும் தமிழர்கள் விசா பெற்ற பிறகே செல்ல முடியும். ஒரே குடும்பத்தில் இருவகைப் பாஸ்போர்ட்டும் இருந்தால், விண்ணப்பங்களும் கட்டணங்களும் தனித்தனி என்பதைத் தொடக்கத்திலேயே மனத்தில் கொள்ளுங்கள்.

அடுத்து ஆவணங்கள். இந்தியர்கள் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டையோ, வாக்காளர் அடையாள அட்டையையோ காட்டலாம். ஆதார் அட்டையை அங்கே ஏற்பதில்லை. எங்கும் செல்லும் அட்டைதானே என்று அதை மட்டும் எடுத்துச் சென்று எல்லையில் தவிப்பவர்களை எண்ணித்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். பாஸ்போர்ட் இல்லாத சிறுவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழ் தேவை. அவர்கள் பெற்றோருடனோ பாதுகாவலருடனோ செல்ல வேண்டும்.

பெயரையும் இப்போதே சரிபாருங்கள். வாக்காளர் அட்டையில் 'சு. முருகன்' என்றும், விமான டிக்கெட்டில் 'முருகன் சுப்பிரமணியன்' என்றும் இருப்பது நம்மிடையே மிகச் சாதாரணம். முன்னெழுத்து வழக்கத்தை அறியாத அதிகாரிக்கு இவை இரண்டு வேறு பெயர்களாகத் தோன்றலாம் என்பதால், அடையாள ஆவணத்தில் உள்ள எழுத்துகளையே டிக்கெட்டிலும் விண்ணப்பத்திலும் பயன்படுத்துங்கள்.

மூன்றாவது, எஸ்.டி.எஃப். எனப்படும் நிலையான வளர்ச்சிக் கட்டணம். இது தங்கும் இரவுகளைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. இந்தியர்களுக்கு ஓர் இரவுக்கு 1,200 ரூபாய். 6 முதல் 12 வயது வரையுள்ள சிறுவர்களுக்கு அதில் பாதி. 6 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணமில்லை. கணவன், மனைவி, 8 வயது மகள், 4 வயது மகன் ஆகியோர் ஐந்து இரவுகள் தங்கினால், ஓர் இரவுக்கு 1,200, 1,200, 600 எனக் கூட்டி 3,000 ரூபாய், மொத்தம் 15,000 ரூபாய் ஆகும். விசா பெற்றுச் செல்லும் பிற நாட்டவருக்கு இக்கட்டணம் ஓர் இரவுக்கு 100 அமெரிக்க டாலர். 2022-இல் 200 டாலராக இருந்தது 2023-இல் பாதியாகக் குறைக்கப்பட்டது. அவர்களுக்கு விசா கட்டணம் 40 டாலர் தனி. மலைக்க வைக்கும் தொகைதான். ஆனால் பயணிகளின் கூட்டத்தால் காடும் மலையும் நலியக் கூடாது என்ற அந்நாட்டின் கவலையை நான் மனமார மதிக்கிறேன்.

பிறகு, பூடான் குடிநுழைவுத் துறையின் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம், ஆவண நகல், தங்கும் நாட்கள், செல்லும் ஊர்கள் ஆகியவற்றை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். திம்பு, பாரோ ஆகிய ஊர்களைத் தாண்டிப் புனாக்கா போன்ற இடங்களுக்குச் செல்ல நினைத்தால், அதை விண்ணப்பத்திலேயே குறிப்பிடுவதோடு, உரிமம் பெற்ற வழிகாட்டி ஒருவரையும் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

விமானத்தில் செல்பவர்கள் பெரும்பாலும் பாரோவில் இறங்குவார்கள். தரைவழி செல்லும் பலர் மேற்கு வங்கத்தின் ஜெய்கானிலிருந்து எல்லை வாயிலைக் கடந்து புந்த்ஷோலிங்கை அடைவார்கள். பூடான் நேரம் இந்திய நேரத்தைவிட அரை மணி முன்னால் இருப்பதால், அங்குள்ள குடிநுழைவு அலுவலகத்தை மாலையில் அடையத் திட்டமிட்டிருந்தால், கைக்கடிகாரத்தை ஜெய்கானிலேயே முப்பது நிமிடம் முன்னால் திருப்பி வைத்துவிடுங்கள்.