பாட்டு ஒன்று, சொத்து இரண்டு: இசைத் தொழிலுக்குள் நுழைபவர்கள் செய்யும் தவறுகள்

1847-ஆம் ஆண்டு. பாரிஸ் நகரத்தில், பாட்டு நிகழ்ச்சியோடு நடக்கும் ஒரு காபிக் கடையில் எர்னஸ்ட் பூர்ஜே என்பவர் உட்கார்ந்திருக்கிறார். பாட்டு எழுதுகிறவர். அந்தக் கடையில் பாடப்பட்டவற்றில் அவர் எழுதியதும் ஒன்று. குடித்ததற்கு பில் வந்தபோது, கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். என் பாட்டை வைத்து ஆள் சேர்க்கிறீர்கள், அதற்கு எனக்குக் காசு தரவில்லை, அப்படியிருக்க நான் மட்டும் ஏன் தர வேண்டும் என்பது அவர் வாதம். விவகாரம் நீதிமன்றத்துக்குப் போய், தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. அதன் தொடர்ச்சியாக, எழுதுபவர்களுக்கும் இசையமைப்பவர்களுக்கும் பணம் வசூலித்துக் கொடுக்கும் சாசெம் என்ற சங்கம் 1851-இல் பிரான்சில் உருவானது. இன்றும் இயங்குகிறது.

மேடையில் பாடியது பூர்ஜே இல்லை என்பதைக் கவனியுங்கள். பாடியவருக்கு என்ன சம்பளம் என்பது வேறு கணக்கு. எழுதியவருக்கு அந்தப் பாட்டின்மேல் தனியாக ஒரு உரிமை உண்டு என்பதுதான் அங்கே முடிவானது. இசைத் தொழிலின் அஸ்திவாரம் இதுதான். புதிதாக வருகிறவர்கள் செய்யும் தவறுகளில் முக்கால்வாசி, இந்த ஒன்றைச் சரியாகப் பிடிக்காததால்தான் வருகிறது.

பாட்டு ஒரே பொருள் என்று நினைப்பது

நாம் 'பாட்டு' என்று ஒரே சொல்லில் சொல்வது சட்டத்தின் கண்ணில் இரண்டு சொத்து. முதலாவது மெட்டும் வரிகளும். தாளில் எழுதி வைத்தாலும், யார் பாடினாலும், அது அதேதான். இரண்டாவது, ஒரு குறிப்பிட்ட நாளில் ஒரு குறிப்பிட்ட குரல் பாடிப் பதிவான ஒலி. இதை மாஸ்டர் என்பார்கள். முதல் சொத்து அதை உருவாக்கியவர்களுடையது. அதை நிர்வகித்து வசூல் செய்யும் வேலைக்குப் பப்ளிஷிங் என்று பெயர். இரண்டாவது, பெரும்பாலும் பதிவுக்குப் பணம் போட்டவருடையது, அதாவது லேபிள் எனப்படும் இசை நிறுவனத்துடையது. சொந்தக் காசில் பதிவு செய்தால் அது உங்களுடையது.

ஒரே பாட்டு பல இடங்களுக்குப் போகும்போது இந்த இரண்டும் எப்படிப் பிரிகின்றன என்று பாருங்கள். ஸ்ட்ரீமிங்கில் ஒருவர் கேட்டால் இரண்டு சொத்துக்கும் பணம் வரும். வேறொருவர் உங்கள் பாட்டைத் தன் குரலில் பாடி வெளியிட்டால், மெட்டுக்கும் வரிக்கும் மட்டும்தான் வரும். உங்கள் மாஸ்டருக்கு ஒன்றும் இல்லை. ஒரு திரைப்படமோ விளம்பரமோ உங்கள் பதிவை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டுமானால் இரண்டு பக்கமும் அனுமதி வாங்க வேண்டும். வானொலி என்றால் நாட்டுக்கு நாடு மாறும். பல நாடுகளில் இரண்டுக்கும் பணம் உண்டு. அமெரிக்காவில் சாதாரண ஏஎம், எஃப்எம் நிலையங்கள் எழுதியவருக்குக் கொடுக்கும், பாடியவருக்குக் கொடுக்காது.

இதைப் புரிந்து வைத்திருந்தால் எவ்வளவு பலம் என்பதற்கு அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட்டை விட நல்ல உதாரணம் இல்லை. அவருடைய முதல் ஆறு ஆல்பங்களின் மாஸ்டர்கள் 2019-இல் அவர் கையை மீறி விற்கப்பட்டன. ஆனால் பாட்டுகளை எழுதியதில் அவருக்குப் பங்கு இருந்ததால், அந்த முதல் சொத்தில் அவர் பிடி தளரவில்லை. ஒப்பந்தத்தில் மறுபதிவுக்கு இருந்த தடைக்காலம் முடிந்ததும், 2021 முதல் அதே பாட்டுகளைத் திரும்பப் பாடிப் புது மாஸ்டர்களாக வெளியிட்டார். பழையவற்றை 2025-இல் விலைக்கு வாங்கியும்விட்டார். எழுதாமல் பாட மட்டும் செய்திருந்தால் இந்த வழி இவ்வளவு சுலபமாகத் திறந்திருக்காது.

பங்கைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விடுவது

இரவு இரண்டு மணி. ஒரு சின்ன அறையில் நான்கு பேர். ஒருவர் பீட், அதாவது பாட்டுக்கு அடியில் ஓடும் தாள இசை, போட்டிருக்கிறார், ஒருவர் பல்லவி எழுதியிருக்கிறார், ஒருவர் பாடுகிறார். நான்காவது ஆள் மூலையில் உட்கார்ந்தபடி, "அந்தக் கடைசி வரியை மேலே தூக்கிப் பாடிப் பாரேன்" என்கிறார். பாட்டு அங்கேதான் உயிர் பெறுகிறது. எல்லோருக்கும் சந்தோஷம். காகிதம் எடுக்க யாருக்கும் மனம் வராது; எடுத்தால் நட்பைச் சந்தேகிக்கிற மாதிரி தோன்றும்.

ஒன்றரை வருடம் கழித்து அந்தப் பாட்டு ஓடத் தொடங்குகிறது. இப்போது அந்தக் கடைசி வரி யாருடையது? நான்கு பேருக்கும் நான்கு நினைவு. யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் வலி. அவரவருக்கு அவரவர் செய்தது பெரிதாக நினைவிருக்கும். பங்கு முடிவாகாத பாட்டுக்கு வசூல் சங்கம் பணத்தை நிறுத்தி வைக்கும். விளம்பரத்துக்குக் கேட்டு வருகிறவர், நான்கு பேர் கையெழுத்துக்கும் காத்திருக்காமல் வேறு பாட்டுக்குப் போய்விடுவார்.

இந்தச் சிக்கலைத் தவிர்க்கும் பங்குத் தாள்தான் ஸ்ப்ளிட் ஷீட். ஒரே ஒரு பக்கம். பாட்டின் பெயர், தேதி, ஒவ்வொருவரின் முழுப் பெயர், மெட்டிலும் வரியிலும் யாருக்கு எத்தனை சதவீதம், மொத்தம் 100, கீழே கையெழுத்து. மாஸ்டரின் பங்கை அதிலேயே தனி வரியாக எழுதுங்கள், ஏனென்றால் பாடியவருக்கு எழுத்தில் பங்கில்லாமல் மாஸ்டரில் மட்டும் பங்கு இருக்கலாம். அன்றிரவே எழுதிவிடுவது நல்லது. பாட்டுக்கு இன்னும் விலை வராத நேரத்தில்தான் மனிதர்கள் தாராளமாகவும் நியாயமாகவும் இருப்பார்கள். இதை நான் முழு மனதோடு நம்புகிறேன்.

அட்வான்ஸைச் சம்பளமாக நினைப்பது

லேபிள் கொடுக்கும் அட்வான்ஸ் பரிசும் இல்லை, சம்பளமும் இல்லை. பின்னால் வரப்போகும் உங்கள் ராயல்டியிலிருந்து, அதாவது வசூலில் உங்களுக்குச் சேரும் பங்கிலிருந்து, முன்கூட்டியே எடுத்துக் கொடுக்கும் பணம். இது எல்லோருக்கும் தெரியும். எந்தப் பணத்திலிருந்து அது கழிக்கப்படுகிறது என்பதுதான் பலருக்குத் தெரியாது. ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

அட்வான்ஸ் 10 லட்சம். உங்கள் ராயல்டி 20 சதவீதம். பதிவுச் செலவு 6 லட்சம். வீடியோ 8 லட்சம், அதில் பாதி, அதாவது 4 லட்சம், உங்கள் கணக்கில். ஆக உங்கள் பெயரில் நிற்பது 20 லட்சம். சரி, ஆல்பம் 60 லட்சம் சம்பாதித்துவிட்டது. நல்ல வசூல். லேபிள் போட்டது மொத்தம் 24 லட்சம், வந்தது 60 லட்சம். 36 லட்சம் மிச்சம். உங்கள் 20 சதவீதமோ 12 லட்சம்தான். அது உங்கள் 20 லட்சத்தில் கழிந்து, இன்னும் 8 லட்சம் பாக்கி என்று லேபிள் அனுப்பும் கணக்கு ஸ்டேட்மென்டில் நிற்கும். லேபிளுக்கு லாபம் வந்து எவ்வளவோ நாளாகியிருக்கும், உங்களுக்கு முதல் ராயல்டி இன்னும் வந்திருக்காது. அது வரவேண்டுமானால் ஆல்பம் ஒரு கோடியைத் தாண்ட வேண்டும்.

காரணம், செலவு முழுத் தொகையிலிருந்து கழிவதில்லை, உங்கள் பங்கிலிருந்து மட்டும் கழிகிறது. அமெரிக்காவின் டிஎல்சி பாடகியர் குழு 1995-இல் திவால் மனு போட்டபோது, அவர்களுடைய ஆல்பம் லட்சக்கணக்கில் விற்றுக்கொண்டிருந்தது. கேட்டவர்களுக்கு நம்ப முடியவில்லை. மேலே போட்ட கணக்கைத் தெரிந்தவர்களுக்கு அதில் ஆச்சரியம் குறைவு.

லேபிளின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். வெளியாகும் ஆல்பங்களில் பெரும்பாலானவை போட்ட பணத்தை எடுப்பதில்லை. வழக்கமான ஒப்பந்தத்தில் அந்த நஷ்டத்தைக் கலைஞர் கைக்காசிலிருந்து திருப்பித் தர வேண்டியதும் இல்லை. அதனால் அட்வான்ஸே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். மூன்று விஷயங்களைக் கேளுங்கள். எந்தெந்தச் செலவு என் கணக்கில் ஏறும்? அதற்கு உச்சவரம்பு உண்டா? முதல் ஆல்பத்தின் பாக்கியை இரண்டாவது ஆல்பத்தின் வருமானத்தில் பிடிப்பீர்களா? கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்று பதில் வந்தாலும், உங்கள் பப்ளிஷிங் பணத்தைத் தொட மட்டும் விடாதீர்கள். வேறு எல்லாம் வறண்டாலும் எழுதியவருக்கு அந்த ஒரு வாய்க்காலில் தண்ணீர் வரவேண்டும்.

'உரிமைக்காலம் முழுவதும்' என்ற இரண்டு சொல்

ஒப்பந்தத்தில் இந்தச் சொற்களைக் கண்டால் நின்று படியுங்கள். 1886-இல் கையெழுத்தான பெர்ன் உடன்படிக்கையின்படி, எழுதியவரின் ஆயுளும் அதற்குமேல் குறைந்தது 50 ஆண்டும் பதிப்புரிமை உண்டு. பல நாடுகள் அதை 70 ஆக்கியிருக்கின்றன. 22 வயதில் ஒரு மாலை நேரத்தில் போடும் கையெழுத்து உங்கள் பேரப்பிள்ளைகளின் காலம் வரை போகிறது. உரிமையை எழுதிக் கொடுப்பது வேறு, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு உரிமம் தருவது வேறு. வீட்டை விற்பதற்கும் வாடகைக்கு விடுவதற்கும் உள்ள வித்தியாசம். முடிந்தவரை வாடகைக்கு விடுங்கள். திரும்பி வரும் தேதி காகிதத்தில் இருக்கட்டும்.

ஏற்றிவிட்டால் எல்லாப் பணமும் வந்துவிடும் என்று இருப்பது

சொந்தமாக வெளியிடுகிறவர்கள் செய்யும் பெரிய தவறு இது. ஸ்ட்ரீமிங் தளங்களுக்குப் பாட்டை அனுப்பிவைக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் தளம் வழியாக அதை ஏற்றுகிறீர்கள், மாதாமாதம் ஏதோ வருகிறது, எல்லாம் வந்துவிட்டது என்று நினைக்கிறீர்கள். அங்கே வருவது மாஸ்டருக்கான பணம். மெட்டுக்கும் வரிக்குமான பணம் வேறு குழாயில் ஓடுகிறது. அதைப் பிடிக்க, உங்கள் நாட்டின் வசூல் சங்கத்தில் உறுப்பினராகி, ஒவ்வொரு பாட்டையும் பதிவு செய்ய வேண்டும். பாடகர்களுக்கும் வாத்தியக்காரர்களுக்கும் பொது ஒலிபரப்பில் வரும் பணத்துக்குத் தனிச் சங்கம் இருக்கும். அமெரிக்காவில் இணைய வானொலிக்கு அதை சவுண்ட்எக்ஸ்சேஞ்ச் வசூலிக்கிறது: 50 சதவீதம் மாஸ்டர் உரிமையாளருக்கு, 45 முதன்மைக் கலைஞருக்கு, 5 பின்னணிக் கலைஞர்களுக்கு. கேட்டு வாங்காதவர்களின் பணம் அங்கேயே காத்திருக்கும், பிறகு ஒருநாள் காலாவதியாகும்.

பெயர்ப் பிழையும் இதே இழப்பைத்தான் உண்டாக்குகிறது. நான் கூடவே இருந்த ஒரு ஆல்பத்தில், ஒரே பாடகியின் பெயர் ஒரு ட்ராக்கில் இனிஷியலோடும், இன்னொன்றில் இல்லாமலும், மூன்றாவதில் எழுத்துப் பிழையோடும் ஏறிவிட்டது. மூன்று தனித்தனி ஆட்களாகிவிட்டார் அவர். சரி செய்து முடிக்க மாதக்கணக்கில் ஆனது. இது சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: 2021-இல் ஸ்ட்ரீமிங் நிறுவனங்கள், உரியவர் யாரென்று பொருத்த முடியாமல் தேங்கிக் கிடந்த சுமார் 42 கோடி டாலரை, எம்எல்சி என்ற அமெரிக்க அமைப்பிடம் மொத்தமாக ஒப்படைத்தன. அத்தனையும் யாரோ எழுதிய பாட்டுகளுக்கான காசு. பதிவுக்கு ஐஎஸ்ஆர்சி, மெட்டுக்கும் வரிக்கும் ஐஎஸ்டபிள்யூசி என்று இரண்டு எண்கள் உண்டு. இரண்டையும் ஸ்ப்ளிட் ஷீட்டோடு சேர்த்து வையுங்கள்.

ஸ்ட்ரீம்களை விலைக்கு வாங்குவது

செய்யாதீர்கள். ஒரு முறை கேட்டால் இவ்வளவு என்று நிலையான விலை எதுவும் பெரும்பாலான தளங்களில் இல்லை. மொத்தப் பணத்தை மொத்தக் கேட்புகளின் விகிதத்தில் பிரிக்கிறார்கள். ஆகவே போலிக் கேட்பு என்பது மற்றக் கலைஞர்களின் பங்கில் கைவைப்பது. தளங்கள் பாட்டை நீக்கும். ஸ்பாட்டிஃபை 2024 முதல் இதற்காக டிஸ்ட்ரிபியூட்டரிடம் அபராதமும் வாங்குகிறது, அது உங்கள் தலையில்தான் விழும். அதே ஆண்டு முதல், முந்தைய 12 மாதத்தில் 1,000 கேட்பைத் தொடாத பதிவுக்கு அங்கே ராயல்டி கிடையாது. இந்த 1,000-ஐத் தாண்டத்தான் பலர் குறுக்கு வழி தேடுகிறார்கள்; முகம் தெரியாத ஆயிரம் போலிக் கணக்குகளை விட, பாட்டை நிஜமாகத் திரும்பத் திரும்பக் கேட்கும் நூறு பேர் போதும்.

சாம்பிளுக்கு ஒரு அனுமதி போதும் என்று நினைப்பது

சாம்பிள் என்றால் பழைய பதிவிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் புதுப் பாட்டில் சேர்ப்பது. இங்கேயும் அதே இரண்டு சொத்து. தி வெர்வ் என்ற பிரிட்டிஷ் இசைக்குழு 1997-இல் வெளியிட்ட ஒரு பாட்டுக்கு, ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற இன்னொரு பிரிட்டிஷ் குழுவின் பாட்டு ஒன்றின் ஆர்க்கெஸ்ட்ரா பதிவிலிருந்து சாம்பிள் எடுத்தது. பதிவுக்கு அனுமதி வாங்கியிருந்தார்கள். எழுத்துக்கான உரிமையை வைத்திருந்தவர் தரப்பில் சிக்கல் வந்தது, பாட்டின் எழுத்து வருமானம் கைவிட்டுப் போனது. ரோலிங் ஸ்டோன்ஸின் மிக் ஜாகரும் கீத் ரிச்சர்ட்ஸும் அந்த உரிமையைத் திருப்பிக் கொடுத்தது 2019-இல்தான்.

இணையத்தில் வாங்கும் பீட்டுக்கும் இந்தக் கவனம் வேண்டும். மலிவான விலையில் கிடைப்பது பெரும்பாலும் குத்தகைதான். அதே பீட்டை இன்னும் பலருக்கு விற்பார்கள், இத்தனை கேட்பு வரைதான் என்ற வரம்பும் இருக்கும். பாட்டு வரம்பைத் தாண்டிய பிறகு முழு உரிமை கேட்டுப் போனால், பேரம் பேச உங்களிடம் ஒன்றும் இருக்காது.

இனி மேனேஜர். அவருக்குக் கமிஷன் வழக்கமாக 15 முதல் 20 சதவீதம். எதில் என்று கேளுங்கள். மொத்த வசூலில் என்றால், கச்சேரிக்கு வண்டி, வாத்தியக்காரர் சம்பளம், ஒலி அமைப்பு எல்லாம் போய் உங்களுக்கு நஷ்டமான இரவிலும் அவருக்குப் பணம் உண்டு. உறவு முறிந்த பிறகு எத்தனை வருடம், எந்தெந்த வேலைக்குக் கமிஷன் தொடரும், எப்படிக் குறைந்துகொண்டே போகும் என்பதையும் முதல் நாளே எழுதுங்கள்.

அப்புறம், லேபிளோ பப்ளிஷரோ அனுப்பும் ஸ்டேட்மென்ட். பெரும்பாலான ஒப்பந்தங்களில், அதில் பிழை இருந்தால் இத்தனை ஆண்டுக்குள் எதிர்க்க வேண்டும் என்று ஒரு கெடு இருக்கும், இரண்டு மூன்று ஆண்டு என்பது சாதாரணம். அதைக் கடந்தால் தவறான கணக்கும் சரியான கணக்காகிவிடும். வந்த நாளிலேயே பிரித்து, தேதியை மேலே எழுதி, முந்தைய ஸ்டேட்மென்டின் இறுதி பாக்கியும் இதன் தொடக்க பாக்கியும் ஒன்றா என்று முதலில் பாருங்கள்.