சாவியைப் பின்தொடருங்கள்
அனுராக் பாசுவின் 'லைஃப் இன் எ மெட்ரோ' (2007) படத்தை முதல் முறை கதைக்காகப் பாருங்கள். யாருக்கு யார் என்ன உறவு என்று குழம்பினாலும் பரவாயில்லை. இரண்டாம் முறை தாளும் பேனாவுமாக உட்காருங்கள்.

மும்பை கால் சென்டர் ஊழியன் ராகுல், பதவி உயர்வுக்காகத் தன் ஃபிளாட் சாவியை மேலதிகாரிகளின் ரகசியச் சந்திப்புகளுக்குக் கொடுக்கிறான். சாவி கைமாறும்போதெல்லாம் படத்தை நிறுத்தி, யாருக்கு என்ன லாபம் என்று எழுதுங்கள். அப்பாவி என்று நான் நம்பிய ராகுலின் பெயர்தான் என் தாளில் அதிகம் இருந்தது. எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

இசையமைப்பாளர் ப்ரீதமின் குழு தெருவில் நின்று பாடும் இடங்களை ஓட்டிவிடாதீர்கள். எழுதியதைத் திரும்பப் படிக்க அதுதான் நேரம். இர்ஃபான் கான் குதிரையேறி வரும்போது மட்டும் பேனாவை மூடிவிடுங்கள்.