வீட்டை விற்பதற்கு முன் முற்றத்தைத் திருத்துவது எப்படி?

திருகோணமலை உவர்மலையில் இருந்த எங்கள் குடும்ப வீட்டைப் பார்க்க முதலில் வந்தவர் வீட்டுக்குள் நுழையவேயில்லை. நில அளவைப் படத்தை ஒரு கையில் விரித்துப் பிடித்தபடி, செருப்பு நுனியால் வேலியோரச் சருகைக் கிளறிக் கிளறி எல்லைக்கல்லைத் தேடினார். அது தட்டுப்படாததால் "பிறகு வாறன்" என்று சொல்லிப் போனவர் திரும்பி வரவில்லை. முற்றத்தில் புதிதாக எதையும் வைப்பதற்கு முன், அங்கே இருப்பதைக் கண்ணுக்குத் தெரியச் செய்ய வேண்டும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன். கீழே சொல்லும் ஒழுங்கும் அதன்படியே அமைந்தது.

வேலையைத் தொடங்க ஏற்ற காலம் தை மாதம். எமது மாவட்டத்தின் ஆண்டு மழையில் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை பெய்துவிடுவதால், தையில் மண் இன்னும் ஈரமாக இருக்கும். களைகள் வேரோடு வரும், நட்ட கன்றும் வறண்ட தென்மேற்குக் காற்றான கச்சான் வீசத் தொடங்கும் முன் வேர் பிடித்துவிடும்.

முதற்படி: எல்லை

வேலியோரப் பற்றையை வெட்டி, நான்கு மூலைக் கற்களையும் மண்ணுக்கு மேலே தெரியும்படி துப்புரவாக்குங்கள். தலையில் சிறிது வெள்ளைச் சுண்ணாம்பு பூசலாம். ஆனால் சாய்ந்திருக்கும் கல்லை நீங்களாக நிமிர்த்தாதீர்கள். கல் காணாமற்போயிருந்தால், உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கொண்டு மீண்டும் நாட்டுவியுங்கள். பூச்செடிக்குச் செலவழிக்கும் பணத்தைவிட இந்தச் செலவே பயன் தரும் என்பது என் உறுதியான எண்ணம்.

இரண்டாம் படி: மரங்கள்

தென்னையின் காய்ந்த ஓலை, பன்னாடை, பாளை ஆகியவற்றை இறக்கிவிடுங்கள். வீட்டின் முகப்பை மறைக்கும் தாழ்ந்த கிளைகளை மட்டும் கழித்தால் போதும். வேம்பின் நிழலை இழந்த முற்றம் வெயிலில் வெறிச்சோடிக் கிடக்கும். பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அனுமதியின்றித் தறிக்க முடியாது என்பதால், அவற்றில் கைவைக்கும் முன் கிராம அலுவலரிடம் கேளுங்கள். சிரட்டை, பழைய டயர், உடைந்த பூச்சாடி போன்று நீர் தேங்கும் பொருள்கள் அனைத்தையும் இதே நாளில் அகற்றுங்கள். முற்றத்தில் நுளம்புக் குடம்பியைக் கண்டவருக்கு வீட்டின் மற்றச் சிறப்புகள் எதுவும் மனதில் ஏறாது.

மூன்றாம் படி: நிலம்

புற்றரை போட வேண்டாம். கச்சான் காலத்தில் அதற்குத் தண்ணீர் ஊற்றிக் கட்டாது. மஞ்சளாகிப்போன புல் வெறும் மணலைவிட மோசமாகத் தெரியும். மழைநீர் வீட்டை நோக்கி ஓடாமல் வாசலை நோக்கி ஓடும்படி பள்ளங்களை நிரவி, அதன்மேல் 2 அங்குலக் கனத்தில் மணல் பரப்புங்கள். 20 அடி நீளமும் 15 அடி அகலமும் கொண்ட முற்றத்துக்கு 50 கன அடி, அதாவது அரைக் கியூப் மணல் போதும். அனுமதிப்பத்திரம் உள்ளவரிடமே வாங்குங்கள். கிறவல் மழையில் கரைந்து காலில் சிவப்பாக ஒட்டிக்கொள்ளும் என்பதால், வாகனச் சில்லு படும் தடத்துக்கு மட்டும் போடுவது நல்லது.

நான்காம் படி: கேற்றும் மதிலும்

கடலோர வீடுகளில் பலரும் தவறுவது இங்கேதான். துருவைச் சுரண்டி உடனே பெயின்ற் பூசினால், இரும்பில் படிந்திருக்கும் உப்பு பூச்சுக்கு அடியில் ஈரத்தை இழுத்து, சில மாதங்களிலேயே அதைப் பொரிய வைத்துவிடும். எனவே முதலில் நல்ல தண்ணீரால் கேற்றைக் கழுவி முழுமையாகக் காயவிடுங்கள். பின்னர் கம்பித் தூரிகையாலும் சாண்ட் பேப்பராலும் தேய்த்து, அன்றைய தினமே துருத்தடுப்புப் பூச்சைப் பூசி, அது காய்ந்தபின் நிறம் கொடுங்கள். பிணைச்சலுக்கு எண்ணெய் விட மறக்காதீர்கள். மதிலில் புதிதாகச் சீமெந்து பூசியிருந்தால் 4 வாரமாவது பொறுத்தே பெயின்ற் அடிக்க வேண்டும்.

ஐந்தாம் படி: செடிகள்

வாசலின் இரு பக்கமும் நித்தியகல்யாணி, வெயில் படும் மூலையில் ஒரு போகன்வில்லா. இவ்வளவும் போதும், இரண்டுமே மணலையும் வறட்சியையும் தாங்கும். செவ்வரத்தையை நான் மிகவும் விரும்பினாலும், பிரெட்ரிக் கோட்டைப் பக்கமிருந்து வீதிகளில் உலாவும் புள்ளிமான்கள் எட்டும் இடத்தில் அதை நடாதீர்கள், தளிர் மிஞ்சாது. அலரியில் நஞ்சு இருப்பதால், குழந்தைகளோடு வருபவர்கள் அதைக் கண்டு தயங்கக்கூடும்.

வீடு பார்க்க வரும் நாளில், காலையில் தண்ணீர் தெளித்து, ஈர்க்கு விளக்குமாற்றால் விறாந்தையிலிருந்து வாசலை நோக்கிப் பின்னோக்கி நடந்தபடி கூட்டுங்கள். கோடு கோடாகப் படிந்த மணலில் உங்கள் காலடி இருக்காது. கேற்றை அகலத் திறந்துவைத்து, நில அளவைப் படத்தின் பிரதி ஒன்றை விறாந்தை மேசையில் எடுத்து வையுங்கள்.