சிமுலேஷனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: முக்கியமாக ஒன்று

போன வாரம் ஒரு மாணவி தன் மாண்டே கார்லோ (தற்செயல் எண்களை வைத்துக் கணக்கிடும் முறை) சிமுலேஷன் கிராஃபைக் கொண்டுவந்து காட்டினார். பிழைக்கோடுகள் புள்ளிக்குள்ளேயே மறைந்துபோகும் அளவுக்குச் சின்னவை, ஆனால் புள்ளிகள் மேலும் கீழுமாகச் சிதறிக் கிடந்தன. பார்த்ததுமே என்ன நடந்திருக்கிறது என்று புரிந்துவிட்டது, ஏனென்றால் இதே கிராஃபை நானும் வரைந்து, நான்கு மாதம் நம்பியும் இருக்கிறேன்.

அலகை மாற்றிப் போடுவது, வரிசையில் ஒன்று தள்ளி எண்ணுவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவற்றை நீங்களே பிடித்துவிடுவீர்கள். நிரல் ஒழுங்காக ஓடி, நம்பும்படியான எண்ணையும் கொடுத்துவிடுகிற தவறுகள்தான் ஆபத்து.

காலப்படி

சிமுலேஷனில் நேரம் ஒவ்வொரு தடவையும் நகரும் சின்ன அளவு இது. அதைப் பாதியாக்கி மறுபடி ஓட்டுங்கள். விடை மாறினால் முதல் விடையை நம்பாதீர்கள்.

கோளைச் சாதாரண ஆய்லர் முறையில் ஓட்டுவது

இப்போதைய வேகத்தை வைத்தே அடுத்த இடத்தைக் கணிக்கும் எளிய முறை ஆய்லர். அதில் ஒவ்வொரு சுற்றிலும் ஆற்றல் கூடிக்கொண்டே போய்ப் பாதை வெளிப்பக்கமாக விரியும். காலப்படியைக் குறைத்தால் மெதுவாக விரியும், அவ்வளவுதான். வெர்லே, லீப்ஃபிராக் போன்ற முறைகளில் ஆற்றல் கொஞ்சம் ஏறி இறங்கும், ஆனால் ஒரே பக்கமாக நகர்ந்துகொண்டே போகாது. நிரலில் வித்தியாசம் ஒன்றிரண்டு வரிதான்.

அடுத்தடுத்த அளவீடுகளைத் தனித்தனி அளவீடுகளாக எண்ணுவது

இதுதான் என் நான்கு மாதத்தைத் தின்றது. இருபரிமாண ஐசிங் மாதிரி (காந்தத்தின் எளிய மாதிரி, கட்டத்தின் ஒவ்வொரு இடத்திலும் மேலோ கீழோ பார்க்கும் ஒரு ஸ்பின்), 64×64 கட்டம், ஸ்பின்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கும் மெட்ரோபோலிஸ் முறை, வெப்பநிலை மாறுநிலைப் புள்ளியில் (காந்தத்தன்மை தோன்றி மறையும் இடம்), அதாவது பக்கத்து ஸ்பின்களின் இடைவினையை அலகாக வைத்தால் 2.269-இல் (ஆன்சாகர் 1944-இல் துல்லியமாகத் தீர்த்த கணக்கிலிருந்து வரும் எண் இது). 10 லட்சம் ஸ்வீப் ஓட்டினேன் (கட்டத்தில் எத்தனை ஸ்பின்களோ அத்தனை முறை திருப்பிப் பார்ப்பது ஒரு ஸ்வீப்). காந்தமாக்கத்தின் (ஸ்பின்கள் எந்த அளவுக்கு ஒரே பக்கம் பார்க்கின்றன என்பது, குறியை விட்டுவிட்டு) சராசரி 0.604 என்று வந்தது. திட்ட விலக்கத்தை 10 லட்சத்தின் வர்க்கமூலத்தால் வகுத்தால் பிழை 0.00016. பிரமாதம் என்று நினைத்தேன். அப்புறம் வேறொரு சீடில் (தற்செயல் எண் வரிசையின் தொடக்க எண்) ஓட்டினால் 0.597. இரண்டுக்கும் இடையே நாற்பது மடங்கு பிழை அளவுக்கு இடைவெளி! நிரலில் ஏதோ கோளாறு என்று வரிவரியாகத் தேடினேன், கிடைக்கவில்லை. பிறகு இது புதிய இயற்பியலாக இருக்கலாமோ என்று யோசிக்கவும் ஆரம்பித்துவிட்டேன். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் ஒரே மாலையில் தீர்ந்திருக்க வேண்டிய விஷயம் அது.

நிரல் சரியாகத்தான் இருந்தது. ஒரு ஸ்வீப் முடிந்த பிறகும் கட்டம் முந்தைய நிலையைப் பெரும்பாலும் அப்படியே நினைவில் வைத்திருக்கிறது, மாறுநிலைப் புள்ளிக்குப் பக்கத்தில் பெரிய பெரிய திட்டுகளாக ஸ்பின்கள் சேர்ந்து நிற்பதால் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கட்டத்தைக் கலைக்க வெகுநேரம் பிடிக்கும். இந்த நினைவு நீடிக்கும் காலத்தைத் தொடர்புக் காலம் என்போம். என் ஓட்டத்தில் அது சுமார் 450 ஸ்வீப். பிழையின் வர்க்கம் அதைப் போல் இரண்டு மடங்கால், அதாவது 900-ஆல் பெருகும், ஆகவே உண்மையான பிழை 30 மடங்கு பெரிது: கிட்டத்தட்ட 0.005. இப்போது 0.604-ஐயும் 0.597-ஐயும் பாருங்கள், இரண்டும் சண்டையே போடவில்லை. என்னிடம் இருந்தவை 10 லட்சம் அளவீடுகள் அல்ல, ஆயிரத்துச் சொச்சம்தான்.

பெரிய கட்டத்துக்குப் போனால் நிலைமை இன்னும் மோசம். மெட்ரோபோலிஸ் முறையில் தொடர்புக் காலம் நீளத்தின் சுமார் 2.17-ஆம் அடுக்கில் ஏறுகிறது, அதாவது பக்கத்தை இரட்டித்தால் கிட்டத்தட்ட 4.5 மடங்கு. ஒரு ஸ்வீப்புக்கே நான்கு மடங்கு வேலை என்பதையும் சேர்த்தால் அதே துல்லியத்துக்கு 18 மடங்கு நேரம்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. அளவீடுகளை வரிசை கலைக்காமல் இரண்டிரண்டாக, நாலு நாலாக, எட்டெட்டாகச் சேர்த்து ஒவ்வொரு தொகுதிக்கும் சராசரி எடுங்கள். அந்தச் சராசரிகளிலிருந்து பிழையைக் கணக்கிட்டுக்கொண்டே போங்கள். தொகுதி பெரிதாகப் பெரிதாகப் பிழை ஏறி, ஒரு கட்டத்தில் சமதளமாகும். அந்தச் சமதளம்தான் உங்கள் பிழை. சமதளமே வரவில்லையா? ஓட்டம் போதவில்லை என்று அர்த்தம், கிராஃபை யாரிடமும் காட்டாதீர்கள். தயவுசெய்து, பத்து ஸ்வீப்புக்கு ஒருமுறை அளந்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள், தொடர்புக் காலம் 450 என்றால் பத்து எந்த மூலைக்கு?

சமநிலைக்கு முன்பே அளப்பது

முழுக்க ஒழுங்கான நிலையிலிருந்து ஒரு ஓட்டம், முழுக்கக் கலைந்த நிலையிலிருந்து ஒரு ஓட்டம். இரண்டும் சேரும் வரை எதையும் பதிவு செய்யாதீர்கள்.

தற்செயல் எண்களை அப்படியே நம்புவது

தொடர்புக் காலத்தைக் குறைக்க வொல்ஃப் 1989-இல் கொடுத்த கொத்து முறை இருக்கிறது, திட்டுத் திட்டாக ஸ்பின்களைத் திருப்பும், மாறுநிலைப் புள்ளியில் நான் இப்போது அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் 1992-இல் ஃபெரன்பெர்க், லாண்டாவ், வாங் மூவரும் அதே முறையை, அப்போது நல்லது என்று பெயர் வாங்கியிருந்த ஆர்250 என்ற தற்செயல் எண் ஆக்கியோடு ஓட்டியபோது ஆற்றல் தவறாக வந்தது. துல்லியமான விடை முன்பே தெரிந்த கணக்கு என்பதால்தான் அது பிடிபட்டது. ஆகவே ஆக்கியை மாற்றி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், ஐசிங்கில் என்றால் மாறுநிலைப் புள்ளியில் கட்டம் பெரிதாகப் பெரிதாக ஒரு ஸ்பின்னுக்கான ஆற்றல் (அதே இடைவினை அலகில்) −1.4142-ஐ நெருங்குகிறதா என்றும் பாருங்கள்.