நிக்டோசோரஸ் வரைபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு பயிற்சி வகுப்பில் பத்துப் பேர் நிக்டோசோரஸ் வரைந்தார்கள். டைனோசர் காலத்தில் வாழ்ந்த டெரோசார் என்னும் பறக்கும் ஊர்வனவற்றில் ஒன்று அது. ஏழு படங்களில், சிறகு மடங்கும் இடத்தில் மூன்று குட்டி விரல்கள், நுனியில் நகங்கள். பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. பல வருடங்களுக்கு முன் நான் செய்த அதே தவறு.

டெரோசார் டைனோசர் இல்லை என்பதெல்லாம் இப்போது பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

கையில் நகம் வைப்பது

நம் கையை வைத்தே பாருங்கள். டெரோசாரின் சிறகைத் தாங்கியது மோதிர விரல். அது மட்டும் மிக நீளமாக வளர்ந்துவிட்டது. சுண்டு விரல் கிடையாது. கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் நகங்களோடு சிறியதாக வெளியே நிற்கும். பெரும்பாலான டெரோசார்களுக்கு இதுதான் கை. நிக்டோசோரஸுக்கு அந்த மூன்றும் இல்லை. சிறகு விரல் ஒன்றுதான் மிச்சம்.

எனக்கு இது தெரியாது. ஒரு கண்காட்சிக்காக இரண்டு மீட்டர் சிறகு விரிப்பில் முழு அளவு உருவம் செய்யச் சொன்னார்கள். டெரனோடான் என்ற பெரிய டெரோசாரின் படம் ஒன்றை எடுத்து, அதையே சின்னதாக்கினால் போதும் என்று நினைத்தேன். பாறை விளிம்பை நகங்களால் பற்றித் தொங்குகிற மாதிரி களிமண்ணில் செய்து, அச்செடுத்து, ஃபைபரில் வார்த்தும் ஆயிற்று. வர்ணம் அடிக்கும் நாளில் ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர் ஒருவர் வந்தார். கொஞ்ச நேரம் கையையே பார்த்தார். "தம்பி, இதுக்கு ஏது விரல்?" என்று கேட்டார்.

நகங்களை அறுத்துவிட்டால் சரியாகிவிடும் என்றுதான் முதலில் நினைத்தேன். அறுத்த பிறகுதான் உண்மையான சிக்கல் புரிந்தது. நகம் இல்லாத கையால் அது பாறையை எப்படிப் பற்றும்? கை மாறினால் தோள் மாறும், முதுகின் வளைவு மாறும், கால் ஊன்றும் இடமும் மாறும். உருவம் முழுவதும் அந்த மூன்று விரல்களை நம்பி நின்றிருந்தது. இரண்டு மாத வேலை, அச்சு எல்லாம் வீண். இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது, ஏனென்றால் எலும்புக்கூட்டுப் படத்தை ஒரே ஒரு முறை பார்த்திருந்தால் போதும்.

அதனால் முதலில் கையை வரையுங்கள். தரையில் நிற்க வைத்தால், சிறகு விரலைப் பின்னுக்கு மடக்கி, நீண்ட உள்ளங்கை எலும்பின் முனையை ஊன்றச் செய்யுங்கள். மரத்திலோ பாறையிலோ தொற்ற விடாதீர்கள். முடிந்தால் பறக்கவே விடுங்கள். மெலிந்து நீண்ட அந்தச் சிறகு கடல்மேல் மிதந்து போவதற்கானது.

பல்

ஒன்றுகூட இல்லை. கூரான வெறும் அலகுதான்.

கொம்பில் பாய் கட்டுவது

1876இல் அமெரிக்கப் புதைபடிவ ஆய்வாளர் மார்ஷ் இதற்குப் பெயர் வைத்தபோது தலையில் இருந்த கொம்பைப் பற்றி யாருக்கும் தெரியாது. 2003இல் டெரோசார் ஆய்வாளர் கிறிஸ்டோபர் பென்னெட் விவரித்த இரண்டு மாதிரிகளில்தான் தலையைவிட நீளமான, இரண்டு கிளையாகப் பிரிந்த எலும்புக் கொம்பு தெரியவந்தது. பார்த்த உடனே கிளைகளுக்கு நடுவே பாய்மரம் போலத் தோலை இழுத்துக் கட்டத் தோன்றும். தோல் ஒட்டியிருந்ததற்கான தடம் எலும்பில் இல்லை என்பது பென்னெட்டின் முடிவு. நான் கட்டுவதில்லை. அப்புறம், குஞ்சுக்கும் இவ்வளவு பெரிய கொம்பை வைக்காதீர்கள். வளர வளர வந்த கொம்பு அது.

நிறம்

உங்கள் விருப்பம்.

பின்னணி

எரிமலை வேண்டாம். டி-ரெக்ஸும் வேண்டாம், அது வர இன்னும் ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறது. இந்த எலும்புகள் கிடைப்பது அமெரிக்காவின் கன்சாஸில், நயோப்ரரா சுண்ணப்பாறையில். இன்றைக்குக் கோதுமை விளையும் அந்த இடத்தில் அப்போது வட அமெரிக்காவையே இரண்டாகப் பிளந்த கடல் இருந்தது. கீழே தண்ணீரை வரையுங்கள். அதில் மொசாசார் என்னும் பெரிய கடல் ஊர்வனவின் முதுகு ஒன்று தெரியட்டும். கரை கண்ணுக்கெட்டிய தூரம்வரை வேண்டாம்.